ஐப்பசியில் வரும் ஓநாய்

2024 அக்டோபர் 6, ஞாயிறு. போடிநாயக்கனூர்.

‘டிராகன் ஏஜ்’ வரிசையின் நான்காம் ஆட்டமாகிய ‘தி வெய்ல்கார்டு’ இம்மாதம் 31-ஆம் தேதி, சரியாகத் தீபாவளியன்று, வெளியாகிறது என்று ஆகஸ்டு 15-இல் அறிவிப்பு வந்தது முதல், பகலெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாப்பும் அணியும் சொல்லிக்கொடுக்கும் என் மனம், மாலையானதும் தன் போக்கில் ஒரு மனோராஜ்யத்தைக் கட்டத் தொடங்கிவிடுகிறது. முதல் ஆட்டம் 2009-இல் வந்தது, இரண்டாவது 2011-இல், ‘இன்குவிசிஷன்’ என்னும் மூன்றாவது 2014 நவம்பர் 18-இல். அதற்கு அடுத்த ஆண்டு வந்த பின்கதையில், நம் படையோடு இருந்து, நமக்கு வித்தையும் சரித்திரமும் சொல்லித்தந்த சோலாஸ் என்பவன், அந்த உலகத்தார் தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்லி அஞ்சிவந்த ஓநாய்த் தெய்வமே தான் என்று வெளிப்பட்டு, இன்றுள்ள உலகத்தைக் குலைத்தாவது பழைய உலகத்தை மீட்கப்போவதாக அறிவித்து, ஒரு மாயக் கண்ணாடிக்குள் நுழைந்து மறைந்தான். அந்தக் கண்ணாடிக்கு எதிரே நாங்கள் அன்றிலிருந்து நிற்கிறோம்.

இவ்வகை ஆட்டங்களில் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இவற்றில் கதாநாயகரை ஆசிரியர் முடித்துத் தருவதில்லை. ஆடுபவரே ஒரு பாத்திரத்தைச் சிருஷ்டித்து, அதற்கு முகமும் குலமும் தொழிலும் கொடுத்து, எதிரே நிற்பவர் கேட்கும் கேள்விகளுக்கு எந்த விடையைச் சொல்வது, யாரை நம்புவது, யாரை மன்னிப்பது என்று தாமே தீர்மானித்து, அந்தத் தீர்மானங்களின் பலனைப் பல பத்து மணி நேரம் அனுபவிக்க வேண்டும். நான் சிருஷ்டித்தவள் ஓர் எல்ஃப் குலத்துப் பெண், சோலாஸைக் காதலித்தவள், இறுதியில் அவனை எப்படியாவது மீட்பேன் என்று சபதம் செய்தவள். ஆகவே எனக்கு வரப்போவது ஒரு புதுச் சரக்கு அன்று, பாதியில் நின்றுபோன பேச்சின் மறுபாதி.

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது என்பது எல்லாரும் சுலபமாகச் சொல்லும் உபதேசம். எனக்கு அதில் சம்மதமில்லை. எதையுமே எதிர்பாராமல் ஒரு கதைக்குள் நுழைகிறவர் அந்தக் கதைக்குத் தம் பங்காக எதைக் கொடுக்கிறார்? ஆவலை அணைத்துவிடுவது என் நோக்கமன்று. அந்த ஆவலில் எவ்வளவு அவர்கள் சொன்னதால் உண்டானது, எவ்வளவு நானே இத்தனை காலமாகச் சேர்த்துக்கொண்டது என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே, தீபாவளி வரையில் இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

அக்டோபர் 11, வெள்ளி.

ஆயுத பூஜை. புத்தகங்களோடு கணினிக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை படைத்து, அத்தை எழுந்து போனபின் ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரித்தேன். இடப்பக்கம் அவர்கள் சொன்னவை. வலப்பக்கம் நானாக நினைத்துக்கொண்டவை.

இடப்பக்கம் எழுதுவதற்கே சரித்திரம் தெரிய வேண்டியிருந்தது. கனடாவின் எட்மன்டன் நகரத்துப் பயோவேர் நிறுவனம் இந்தத் தொடர்ச்சியை ஒரே மூச்சில் செய்யவில்லை. ‘ஜோப்ளின்’ என்ற குறிப்புப் பெயரில் முதலில் எடுத்த முயற்சி 2017-இல் கைவிடப்பட்டது. பின்பு பலர் இணையத்தில் கூடி ஆடும் வகையில் வேறொன்று திட்டமிடப்பட்டு, அதுவும் மாறி, மீண்டும் ஒருவர் தனித்து ஆடும் ஆட்டமாக்கப்பட்டது. 2018 டிசம்பரில் ஓநாய் எழுகிறது என்று ஒரு சிறு காட்சி. 2022-இல் ‘டிரெட்வுல்ஃப்’ என்று பெயர் சூட்டல். 2023 ஆகஸ்டில் ஏறத்தாழ ஐம்பது பேர் வேலைநீக்கம். 2024 ஜூனில் பழைய பெயர் போய் இந்தப் புதுப்பெயர். ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் தங்கள் உள்ளத்தில் ஓர் ஆட்டத்தை முழுமையாகக் கட்டி முடித்திருந்தார்கள் என்பதை நினைத்தால், இந்த ஐப்பசியில் வெளிவரும் ஆட்டம் ஒன்று, அது ஈடுசெய்ய வேண்டிய ஆட்டங்களோ பல என்பது விளங்குகிறது.

இரண்டு பத்தியிலும் அடங்காத ஒன்று இருக்கிறது. முன்னைய ஆட்டங்களில் நாம் செய்த தீர்மானங்களில் மூன்று மட்டுமே இதில் தொடரும் என்று சென்ற மாதம் தெரிந்தது: யாரைக் காதலித்தோம், நம் படையைக் கலைத்தோமா வைத்துக்கொண்டோமா, சோலாஸை எதிர்ப்பதாகச் சபதம் செய்தோமா மீட்பதாகவா என்பவை. திருச்சபையின் தலைமைப் பீடத்தில் யாரை அமர்த்தினோம், துயரக் கிணற்றின் நீரை யார் பருகினார் என்பவற்றுக்கெல்லாம் இடமில்லை. எல்லாம் தொடரும் என்று அவர்கள் இந்த முறை வாக்களிக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் நம் தீர்மானங்களைப் பத்திரப்படுத்தி அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுபோவதற்கென்றே 2014-இல் தனியாக ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தவர்களும் அவர்களே அல்லவா? ஒருவர் வாயால் சொல்லாமல் வழக்கத்தால் உண்டாக்கிய நம்பிக்கையும் வாக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் இதை இடப்பக்கத்திலேயே எழுதினேன்.

அக்டோபர் 20, ஞாயிறு. தோட்டம்.

விடியுமுன் தோட்டவேலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளோடு எங்கள் வண்டியும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறியது. தம்பி பார்த்துவரும் சிறு ஏலத்தோட்டம் எல்லைக்கு அப்பால், கேரளத்து மலைச்சரிவில் இருக்கிறது. இவ்வாண்டுக் கோடையின் கொடிய வறட்சியில் இடுக்கி மலைகளின் ஏலச்செடிகள் பட்ட பாடு இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. தூர்களில் பாதிக்கு மேல் புதுத் தட்டைகள். ஏலம் தலையில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து கிளம்பி மண்ணோடு கிடக்கும் சரங்களில் காய்க்கிறது. பெண்கள் குந்தி உட்கார்ந்து, சரத்தில் முற்றியதை மட்டும் விரலால் தெரிந்து எடுத்து, பிஞ்சை விட்டு நகர்கிறார்கள். தம்பி ஒரு காயை நகத்தால் கீறிக் காட்டினான். உள்ளே விதை வெளுப்பாக இருந்தது. இதை இன்று பறித்தால் ஸ்டோரில் உலர்த்தும்போது சூம்பிப்போகும், விதை கறுத்தபின் பறித்தால் நிறமும் எடையும் நிற்கும் என்றான்.

சாப்பிடும்போது அவனிடம் என் இரண்டு பத்திக் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் ஆட்டமெல்லாம் ஆடுகிறவனல்ல. சற்று யோசித்துவிட்டு, “யக்கா, போடியில ஏலத்துக்கு வர்ற வியாபாரி, மாதிரிப் பொட்டலத்தைப் பிரிச்சு, உள்ளங்கையில கொட்டி, நிறத்தப் பாத்து, ரெண்டு காய உடைச்சுப் பாத்துத்தான் வெல கேக்குறான். போன வருசத்துக் காய நெனச்சுக்கிட்டு எவனும் கேக்கமாட்டான்” என்றான்.

ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்தில் நடப்பது அதுவே. ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு சிறு பொட்டலம் வியாபாரிகளின் மேசைக்கு வருகிறது. பார்த்துவிட்டுக் கணினியில் விலையை ஏற்றுகிறார்கள். மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் அவன் சொன்னதையே சிந்தித்துவந்தேன். நமக்கும் மாதிரிப் பொட்டலங்கள் வந்தன. ஜூன் 9-ஆம் தேதி வந்த முதல் முன்னோட்டம் தோழர்களை ஒவ்வொருவராக வேடிக்கையாக அறிமுகம் செய்ததைக் கண்டு, இது எங்கள் இருண்ட, கனத்த கதையா என்று ரசிகர்கள் திகைத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஆட்டத்தின் தொடக்கத்தையே நீளமாகக் காட்டியபோது அவர்களில் பலர் ஆறுதல் அடைந்தார்கள். சரக்கு ஒன்று, பொட்டலம் இரண்டு. இங்கே ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. ஏலக்காயின் மாதிரிப் பொட்டலம், உலர்ந்து சலித்து மூட்டை கட்டிய சரக்கிலிருந்து அள்ளியது. ஆட்டத்தின் முன்னோட்டமோ பெரும்பாலும் விதை கறுக்கும் முன்பே பறித்தது. ‘ஃபேபிள்’ என்ற ஆட்டத்தைச் செய்துகொண்டிருந்தபோது பீட்டர் மோலினூ, அதில் ஓர் ஓக் விதையை ஊன்றினால் காலப்போக்கில் மரமாக வளர்வதைக் காணலாம் என்று பேசினார். 2004-இல் ஆட்டம் வெளிவந்தது. அந்த மரம் அதில் இல்லை. சொன்ன பல அம்சங்கள் இடம்பெறாமற்போனதற்கு அவர் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். அவர் பொய் சொன்னார் என்று நான் எண்ணவில்லை. தம் மனத்தில் வளர்ந்துவிட்ட மரத்தை அவர் கண்ணாரக் கண்டு பேசியிருக்கிறார். ஆக்குகிறவருக்கும் ஆவல் உண்டு. அது ஆடுகிறவரின் ஆவலைவிடப் பெரியது.

அக்டோபர் 29, செவ்வாய்.

நேற்று விமரிசனங்கள் வெளிவந்தன. சண்டையும் காட்சியமைப்பும் சிறப்பு என்று பெரும்பாலோர் புகழ்கிறார்கள். உரையாடலின் கூர்மை மழுங்கிவிட்டது என்று சிலர் வருந்துகிறார்கள். கணினியில் தடையின்றி ஓடுகிறதா என்பதை மட்டும் படித்துவிட்டு, கதையைத் தொடும் இடங்களை விலக்கிவிட்டேன். ஒருவர் கொடுத்த மதிப்பெண் நம் மனத்தில் போய் உட்கார்ந்துகொண்டால், பிறகு நாம் ஆட்டத்தை ஆடுவதில்லை, அந்த எண்ணைப் பரீட்சை செய்துகொண்டிருப்போம்.

இன்றைய தேதிக்கு ஒரு விசேஷம் உண்டு. 1950-ஆம் ஆண்டு இதே அக்டோபர் 29-இல்தான் ‘கல்கி’ பத்திரிகையில் பொன்னியின் செல்வன் ஆரம்பமாயிற்று. 1954 மே மாதம் வரையில், மூன்றரை ஆண்டுக்காலம், தமிழ்நாட்டுக் குடும்பங்கள் வாரந்தோறும் அதற்காகக் காத்திருந்தன. நந்தினி யார், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று ஒவ்வொரு வாரத்து இடைவெளியிலும் வாசகர்கள் தாங்களே ஒரு கதையை எழுதிக்கொண்டார்கள். ஆகவே கதை முடிந்தபோது திருப்தியடையாதவர்கள் பலர் இருந்ததில் வியப்பில்லை. கல்கி அவர்களை ஒதுக்கவில்லை. முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று அவர்களுக்குச் சொன்னார். காத்திருந்தவரின் கற்பனைக்கும் கதையில் பாத்தியதை உண்டு என்று ஒப்புக்கொண்ட பெருந்தன்மை அது. 2022-இல் அந்தக் கதை திரைக்கு வந்தபோது, வயோதிகர்கள் எழுபதாண்டுகளாகத் தாங்கள் கண்ட வந்தியத்தேவனின் முகத்தோடு கொட்டகைக்குப் போனார்கள். அவர்கள் நெஞ்சிலிருந்த முகத்தை எந்த நடிகர் தந்திருக்க முடியும்?

இதை எழுதியதும் என் வலப்பக்கப் பத்தியைப் பார்த்தேன். சோலாஸ் என்னைக் கண்டதும் என்ன சொல்வான் என்று நான் எழுதிவைத்திருந்த வாக்கியங்கள் அங்கே இருந்தன. அவை என்னுடையவை. கனடாவில் இருப்பவர்கள் அவற்றுக்குக் கடன்பட்டவர்கள் அல்லர்.

நவம்பர் 1, வெள்ளி.

தீபாவளி மழையோடு கழிந்தது. தம்பி மக்கள் மத்தாப்புக்குப்பின் ‘அமரன்’ பார்க்கப் புறப்பட்டார்கள். தீபாவளிக்குப் படம் வருவதும் அதற்காக ஊர் காத்திருப்பதும் நமக்குப் பழைய சம்பிரதாயம். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. என் தீபாவளிப் படம் 100 ஜிபி. கணினிக்கு முன்கூட்டியே இறக்கி வைக்கும் வசதியை அவர்கள் தரவில்லை. ஆகவே நேற்று இரவு தொடங்கி, மழையில் மின்சாரம் இரண்டொரு முறை போய் வந்து, இன்று பிற்பகலில்தான் முடிந்தது. இன்று அரசு விடுமுறை என்பது பெரிய உபகாரம்.

தொடக்கத்திலேயே பழைய நாயகியின் முகத்தை மீண்டும் வனையச் சொல்கிறது. ஞாபகத்திலிருந்தே வனைந்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு.

ஆடி முடித்துவிட்டேன். கதையின் முடிவை இங்கே எழுதப்போவதில்லை. இன்னும் ஆடாதவர்கள் இருக்கிறார்கள்.

இடப்பக்கத்தில் எழுதியவற்றில் பெரும்பாலானவை நிறைவேறியிருக்கின்றன. ஏழு தோழர்கள் உண்டு, ஒவ்வொருவருக்கும் தனிக்கதை உண்டு. டிரெவிசோ, மின்ராத்தஸ் என்னும் இரு நகரங்களை டிராகன்கள் ஒரே வேளையில் தாக்கும்போது எதற்கு உதவி செய்வது என்று நம்மைத் தீர்மானிக்கச் சொல்லி, கைவிட்ட நகரத்தின் நிலையைப் பிற்பாடு நாம் நடந்து பார்க்கும்படி செய்கிறது. தீர்மானத்துக்குப் பலன் என்றால் அதுதான். குறையும் உண்டு. முன்னைய ஆட்டங்களில் தோழர்கள் நம்மோடு உடன்படாமல் சீறுவார்கள், நம்மைவிட்டுப் போயும் விடுவார்கள். இதில் மிகவும் நல்லவர்களாக, ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டே இருக்கிறார்கள். தொடராமற்போன தீர்மானங்களின் வெறுமையும் அவ்வப்போது உறைத்தது. அதை நான் மன்னிக்கவில்லை.

வலப்பக்கத்தில் எழுதிய எதுவும் நடக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. சோலாஸின் பழைய தவறுகளை ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டு போகும்போது, நான் அவனுக்கென்று எழுதிவைத்த வாக்கியங்களைவிட அவனுடைய மௌனம் பொருத்தமாக இருந்தது. என்னை மிகவும் கட்டிப்போட்டது இரண்டு பத்தியிலும் இல்லாத ஒருவர். எம்ரிக் என்னும் முதிய பேராசிரியர். இறந்தோரோடு பேசும் வித்தையைக் கற்றவர். அப்படியிருந்தும் தாம் இறக்க நேருமே என்ற அச்சத்தை மறைக்க முடியாதவர். அவருக்கு மான்ஃப்ரெட் என்று ஓர் எலும்புக்கூட்டுப் பணியாளன். அந்த எலும்புக்கூட்டுக்காகக் கண்ணீர் விடுவேன் என்று ஐப்பசியில் எவரேனும் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

2025 பிப்ரவரி 1, சனி.

சென்ற மாதம் 22-ஆம் தேதி, ஆட்டத்தை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஓர் அறிக்கை விட்டது. டிசம்பரோடு முடிந்த காலாண்டில் சுமார் 15 லட்சம் பேர் ஆடியிருக்கிறார்கள். அது கம்பெனி எதிர்பார்த்ததைவிடக் கிட்டத்தட்ட 50 சதவீதம் குறைவு. இப்போது பயோவேரில் பலர் வேலையிழந்திருக்கிறார்கள். சோலாஸை முன்பிருந்தே எழுதிவந்த டிரிக் வீக்ஸும் அவர்களில் ஒருவர்.

என் எதிர்பார்ப்பைப் பற்றியே ஒரு மாதம் எழுதினேன்; கம்பெனிக்கும் ஓர் எதிர்பார்ப்பு இருந்ததை நான் எண்ணவே இல்லை. என் எதிர்பார்ப்பு பொய்த்தால் நஷ்டம் எனக்கு மட்டும். கம்பெனியின் எதிர்பார்ப்பு பொய்த்தால் அதன் பாரம் எழுதியவர்கள் தலையில் இறங்குகிறது. திட்டத்தை இருமுறை மாற்றி ஆண்டுகளைக் கரைத்தபின், அந்த ஆண்டுகளின் செலவையும் ஈடுகட்டும்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, கணக்கு எட்டவில்லை என்று அந்தச் சபலமும் துயரமும் கொண்ட ஓநாயை உயிரோடு படைத்தவரை வெளியே அனுப்புவது நியாயமாக எனக்குப் படவில்லை. 15 லட்சம் பேர் ஆடிய கதை தோற்ற கதை என்றால், அந்த அளவுகோலைத்தான் முதலில் சலித்துப் பார்க்க வேண்டும்.

இன்று தம்பி காய் எடுப்பு முடிந்து கணக்குப் பார்க்க வந்திருந்தான். இந்த விவகாரத்தையெல்லாம் கேட்டுவிட்டு, “அந்த ஓநாய்க் கதைய நானும் பாக்கணும்க்கா, எதுலருந்து ஆரம்பிக்கணும்?” என்றான். 2009-இல் வந்த முதல் ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒரு குள்ளர் குலத்துத் தச்சனைச் சிருஷ்டிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான், தச்சுத் தொழிலுக்கு அதில் இடமில்லை என்று சொன்னேன்.