லொக் கோப்பைத் துடைக்க முதல்

மெயில் சேர்வர் எண்டால் குளிரூட்டிய அறைக்குள் இருக்கும் பெரிய பெட்டி ஒன்றைத்தான் பலர் நினைக்கினம். எங்கட கையில் இருப்பது மாத வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன மெய்நிகர் கணினி. 20 கிகாபைட் டிஸ்க், டெபியன், அதன்மேல் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்கொட். மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் ஒரு சிறிய அமைப்பின் மின்னஞ்சல்கள் அதில் ஓடுகின்றன. முன்பு அதைப் பார்த்தவர் வெளிநாடு போக, பொறுப்பு எங்கட குழுவுக்கு வந்தது.

மெயில் சேர்வரின் லொக் கோப்பைப் பழைய தபால் கந்தோரின் பதிவுத் தபால் புத்தகத்தோடு ஒப்பிடலாம். கடிதத்தின் உள்ளடக்கம் அதில் இராது. எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது, ஏற்கப்பட்டதா திருப்பப்பட்டதா என்பவை வரி வரியாக இருக்கும். ஒரு மெயிலுக்கு ஐந்தாறு வரிகள் சாதாரணம். இணையத்தில் திறந்திருக்கும் எந்த மெயில் சேர்வரையும் விடாமல், கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் வேறு இருக்கின்றன. அவற்றின் ஒவ்வொரு தோல்வியும் ஒரு வரி. ஆளே இல்லாத நடுச்சாமத்திலும் லொக் வளரும்.

எங்கட சேர்வரில் அது வளர்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. முன்பு பார்த்தவர் ஏதோ பழுதைத் தேடுவதற்காக விரிவான பதிவை இயக்கிவிட்டு, நிறுத்தாமல் போயிருந்தார். அந்த நிலையில் போஸ்ட்ஃபிக்ஸ் தான் பேசுவதையும் கேட்பதையும் ஒன்றும் விடாமல் எழுதும். உதவித்தொகை விண்ணப்பங்களின் கடைசி நாளன்று பின்னேரம் அமைப்பிலிருந்து அழைப்பு வந்தது. “தம்பியவை, மத்தியானத்துக்குப் பிறகு ஒரு மெயிலும் வரேல்லை. விளங்குதோ?” உள்ளே போய்ப் பார்த்தால் டிஸ்க் நிரம்பிக் கிடந்தது. லொக் கோப்பு மட்டும் 11 கிகாபைட்.

“உந்தக் குப்பையைத் துடைச்சு விடுங்கோவன், ஏன் மினக்கெடுறியள்?” என்றார் அமைப்பின் ஐயா. நியாயமான கேள்விதான். ஆனால் துடைப்பதில் இரண்டு வில்லங்கம் இருக்கிறது.

முதலாவது, ஆர்எம் கட்டளையால் அழித்தாலும் இடம் திரும்பக் கிடைக்காது. லினக்ஸில் ஒரு கோப்பை ஏதாவது நிரல் திறந்து வைத்திருந்தால், அழிக்கும்போது பெயர் மட்டும்தான் போகும். அந்த நிரல் கையை விடும்வரை உடம்பு டிஸ்கில் கிடக்கும். டியூ கட்டளை கோப்பு இல்லை என்று சொல்லும், டிஎஃப் கட்டளை டிஸ்க் நிறைந்திருக்கிறது என்று சொல்லும். இந்த முரணைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளாத சேர்வர் பராமரிப்பாளர் குறைவு. ட்ரங்கேட் கட்டளையால் கோப்பின் அளவைப் பூச்சியமாக்குவதே வழி. பெயரும் இருக்கும், எழுதும் நிரலும் குழம்பாது, இடம் உடனே கிடைக்கும்.

இரண்டாவது வில்லங்கம் பெயரில் இருக்கிறது. ‘லொக்’ என்று முடியும் எல்லாக் கோப்பும் லொக் இல்லை. பயனர்களின் அஞ்சல் பெட்டிகளுக்குள் டவ்கொட் வைத்திருக்கும் அட்டவணைக் கோப்பு ஒன்றின் பெயரும் அப்படித்தான் முடியும். மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சில் இது இன்னும் பொல்லாதது. அங்கே தரவுத்தளத்தின் பரிவர்த்தனைப் பதிவுகளுக்கும் இதே ஈறுதான். இடம் பிடிக்குதெண்டு அவற்றைக் கையால் அழித்தால், பழுது வரும் நாளில் தரவுத்தளத்தை மீட்க முடியாமல் போகலாம். முறையாக முழு பேக்கப் எடுத்தால் தேவையற்றவற்றை அதுவே கழித்துவிடும். ஆகவே “லொக் எல்லாத்தையும் தேடி அழி” என்ற ஒற்றை வரிக் கட்டளையை யார் தந்தாலும் வாங்காதீர்கள். போஸ்ட்ஃபிக்ஸின் ஸ்பூல் அடைவையும் தொடக்கூடாது. அங்கே கிடப்பவை இன்னும் போய்ச்சேராத உண்மையான கடிதங்கள்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தி, விரிவான பதிவை அணைத்தோம். டிஸ்கில் இடமில்லாததால் லொக்கை அங்கேயே சுருக்க வழியில்லை. ஜிசிப்பால் சுருக்கச் சுருக்க, எஸ்எஸ்எச் வழியாக எங்கட மடிக்கணினிக்கு நேரே இழுத்தோம். வந்து சேர்ந்த கோப்பைத் திறந்து, கடைசி வரிவரை இருக்குதா என்று பார்த்தோம். அதன் பிறகுதான் பூச்சியமாக்கினோம். சேர்வர் திரும்ப எழும்பியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது.

அந்தக் கோப்பை இழுத்து வைத்தது வீண்போகவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு தங்கச்சி அமைப்புக்கு எழுதினாள். கடைசி நாள் ஆறு மணிக்கே விண்ணப்பத்தை அனுப்பினேன், “பிந்தி வந்தது” என்று ஏன் தள்ளினீர்கள் என்று. அமைப்பின் பெட்டியில் அது மறுநாள் விடியற்காலையில்தான் வந்திருந்தது.

போஸ்ட்ஃபிக்ஸ் டிஸ்க் முற்றாக நிரம்பும்வரை காத்திராது. ஒரு மெயிலுக்கு அனுமதித்த உச்ச அளவின் ஒன்றரை மடங்கு இடம் இல்லையென்றால் 452 என்ற இலக்கத்தைச் சொல்லித் திருப்பிவிடும். 4 இல் தொடங்கும் பதிலுக்கு “இப்ப ஏலாது, பிறகு வா” என்று பொருள். அனுப்பும் சேர்வர் மெயிலை வைத்திருந்து திரும்பத் திரும்ப முயலும். டெபியனில் லொக் எழுதும் நிரல் ரூட் உரிமையோடு ஓடுவதால், ரூட்டுக்கென்று ஒதுக்கியிருந்த கடைசி 5 சதவீத இடத்தில் அது எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. மெயில் நின்ற பிறகும் லொக் நிற்கவில்லை. 452 வரிகளில் தங்கச்சியின் பெயர் இல்லை. ஆனால் மத்தியானம் முதல் இரவுவரை எங்கட சேர்வர் எல்லோரையும் திருப்பியது அதில் நேரத்தோடு இருந்தது. அவளது மெயிலின் தலைப்பகுதியில் அவள் அனுப்பிய நேரம் இருந்தது. இரண்டையும் அச்சிட்டுக் கொடுத்தோம். அவளுடையதோடு அப்படிப் பிந்திய இன்னும் நான்கு விண்ணப்பங்களையும் ஏற்றுக்கொண்டார்கள். அன்றே துடைத்திருந்தால் பிழை அந்தப் பிள்ளைகளின் தலையில் விழுந்திருக்கும்.

அப்படியெண்டால் லொக்கை எப்போதும் வைத்திருக்கலாமே என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். இங்கேதான் எங்களுக்கு உடன்பாடு வரவில்லை. யார் யாருக்கு எப்போது எழுதினார் என்ற பட்டியல் இந்த நாட்டில் சும்மா ஒரு பட்டியல் இல்லை. அது யாரின் கையில் கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல ஏலாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தேவைக்கு மேலான காலம் தரவை வைத்திருக்கக் கூடாது என்ற பக்கம்தான் நிற்கிறது. ஆறு மாதம் என்றார் ஒருவர், ஒரு கிழமை போதும் என்றார் மற்றவர். கடைசியில் 30 நாளில் நின்றோம்.

லொக்ரொட்டேட் நிரலில் நாளுக்கு ஒரு கோப்பு, 30 கோப்புகள், பழையதைச் சுருக்கு என்று எழுதிவிட்டால் அது பார்த்துக்கொள்ளும். அளவு மிஞ்சினாலும் வெட்டு என்று சேர்க்க நினைத்தோம், பிறகு விட்டுவிட்டோம். அந்த நிரல் எண்ணுவது கோப்புகளை, நாட்களை அல்ல. தாக்குதல் வந்து லொக் பெருகினால், அடிக்கடி வெட்டுப்பட்டு எங்களுக்குத் தேவையான பழைய நாட்களே முதலில் வெளியே தள்ளப்படும். அதற்குப் பதில் டிஸ்க் 80 சதவீதம் தாண்டினால் எங்கட தொலைபேசிகளுக்குச் செய்தி வரச் செய்தோம். மெயிலாக இல்லை, குறுஞ்செய்தியாக. மெயில் படுத்துவிட்டது என்ற செய்தியை மெயிலில் அனுப்பி என்ன பயன்?

அந்த 11 கிகாபைட்டும் சுருங்கி, கடவுச்சொல் போட்ட கோப்பாக இன்னும் ஒரு மடிக்கணினியில் கிடக்கிறது. மேன்முறையீட்டுக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. முடிந்த அன்றே அழிக்க வேண்டும் என்று மூன்று பேர், அமைப்பின் அடுத்த கூட்டம்வரை பொறுக்கலாம் என்று இரண்டு பேர்.