வெயில் கெடுத்தது, பனி காட்டியது!

மழை குறைந்த கரிசல் பூமி கோவில்பட்டி. அந்தக் காய்ந்த வெயில்தான் இங்கே தீப்பெட்டித் தொழிலை வளர்த்தது. கன்னியாகுமரி - ஸ்ரீநகர் தேசிய நெடுஞ்சாலை 44-ல் தீப்பெட்டி லாரிகள் வடக்கே கிளம்புகின்றன.

மார்கழி, தை விடியலில் டெல்லிப் பக்கம் சாவியைத் திருப்பினால், சில லாரிகள் முனகும். டிரைவர்கள் பனியைத் திட்டுவார்கள். பாதிப் பழி ஊர் வெயிலுக்கும் உண்டு. பேட்டரியின் ஆயுளைச் சூடு அரிக்கும். குளிர் அதைக் காட்டிக்கொடுக்கும். குளிரில் பேட்டரியின் பலம் குறையும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாகும். காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றும்; மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு போதாது.

24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் சரி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால், முதல் சந்தேகம் பேட்டரி மேல். வோல்ட் இறங்காமலே இழுவை மந்தமா? டெர்மினலில் பூத்த உப்பு, தளர்ந்த எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் என வரிசையாகப் பார்க்க வேண்டும்.

ஊரிலேயே பார்த்தால் பத்து நிமிட வேலை. 2,000 கிலோமீட்டர் தாண்டி, மொழி தெரியாத ஊரின் பனியில் நின்றால், ஒரு நாள் வாடகை போச்சு. கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை வண்டியில் வைக்கும்போதே பேட்டரியையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்!