அருளா? உழைப்பா?

"இசை பிறவியிலே வரவேண்டும், இரத்தத்திலே ஊறவேண்டும்" என்று என்னிடம் சொன்னார் ஒரு பெரியவர். பிறவியாம், இரத்தமாம்! எந்தக் கலையை நாம் தொடப் போனாலும் இந்த வேலிதானே, தோழர்களே, குறுக்கே நிற்கிறது?

நான் தொட்டிருப்பது ஜாஸ். அமெரிக்காவிலே அடிமைகளாய் விற்கப்பட்ட கருப்பின மக்களின் வழித்தோன்றல்கள் ஆக்கி, அகிலத்திற்கு அளித்த இசை. எழுதி வைக்காத இசையை அந்த நொடியிலேயே கோத்து வாசிக்க வேண்டும். நம் வித்துவான்கள் கற்பனைச் சுரம் பாடுகிறார்களே, அதுபோலவா? ஒருவகையில் ஆம். ஆயினும் அங்கே இராகம் பெயராது, சுருதி அசையாது. இங்கோ, காலடியில் தரையே நகர்கிறது! பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டு (கார்ட் என்பர்) மாறிக்கொண்டே ஓடும். மாறும் ஒவ்வொன்றுக்கும் இசைந்த சுரத்தை விரல் பிடித்தாக வேண்டும்.

ஜான் கோல்ட்ரேனின் 'ஜெயண்ட் ஸ்டெப்ஸ்' என்னும் உருப்படியிலே, 16 தாளக் கட்டங்களில் 26 கூட்டுகள். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 13 வினாடி! 1959 மே திங்களில் அதைப் பதிவு செய்தபோது கோல்ட்ரேனின் சாக்சபோன் பாய்ந்தது. அவர் பன்னாள் பழகிய பாதை அது. பியானோவிலே டாமி ஃபிளானகன், தேர்ந்த கலைஞர், தடுமாறினார். சுர ஓட்டம் அறுந்து வெறுங் கூட்டுகளாய் நின்றது. இசைத்தட்டிலே இன்றும் கேட்கலாம். அருள் அன்று விடுப்பிலா இருந்தது?

அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்திலே, பணி முடிந்த மாலைகளில், என் பழைய கீபோர்டில் நான் கண்ட வழி இது. கூட்டின் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமுமே அதன் முகம். பல இடங்களில், ஏழாம் சுரத்திலிருந்து ஒரே ஒரு கட்டை இறங்கினால் போதும். அடுத்த கூட்டின் மூன்றாம் சுரம் அங்கே காத்திருக்கும்! நிமிடத்திற்கு 60 தட்டு, இரண்டிரண்டு கூட்டாக, ஒரே தொடரைப் பன்னிரண்டு சுருதியிலும். விரல் இந்தக் கூட்டில் இருக்க, மனம் அடுத்த கூட்டிற்குப் போய்விட வேண்டும். வேகம் பிறகு வரும். அண்டை வீட்டார் பொறுமைசாலிகள்!

சென்னையில் வாழ்ந்து 2015-இல் மறைந்த ஜாஸ் பியானோக் கலைஞர் மாதவ் சாரி கணிதம் கற்றவர். எனக்கு அதில் வியப்பில்லை.

ஃபிளானகனோ, 1982-இல் அதே உருப்படியைத் தம் குழுவோடு மீண்டும் பதிவு செய்தார். கேளுங்கள்: அன்று அறுந்த ஓட்டம் அங்கே நீரோடையாய் ஓடுகிறது. இடையிலே கழிந்தவை 23 ஆண்டுகள்.