விளம்பரக் காசு: ஒரு வரவு செலவுக் கணக்கு

"வெப்சைட் வைத்தால் வீட்டிலிருந்தே மாதம் முப்பதாயிரம் வருமாமே?" ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள். வங்கிக்காரன் வீட்டில் ஒரு வெப்சைட்டும் இருப்பதால் ரகசியம் தெரியும் என்று நினைப்பு. தெரிந்ததைக் கணக்கோடு சொல்லிவிடுகிறேன்.

வெப்சைட் என்னுடையதல்ல, தங்கமணியுடையது. ஊரில் கணக்கு டீச்சராக இருந்தவர். எனக்கு டிரான்ஸ்பர் மேல் டிரான்ஸ்பர் வந்ததில் அந்த வேலை போயிற்று. முதலில் போபால், இப்போது நாக்பூர். டிசம்பர் குளிரில் இட்லி மாவைப் பொங்க வைப்பது எப்படி, இட்லி அரிசி கிடைக்காத ஊரில் எதைப் போடுவது, புளிக்கு இந்தியில் என்ன பெயர் என்று நூறு குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறார். புதிதாகக் கல்யாணமாகி வடக்கே வந்த பெண்கள்தான் முக்கால்வாசி வாசகர்கள்.

2023 ஜனவரியில் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் போட்டார். ஆட்சென்ஸ் 2003-லேயே வந்துவிட்டாலும் தமிழ்ப் பக்கங்களுக்கு முறைப்படி அனுமதி கிடைத்தது 2018-ல்தான். கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் நம்பரைத் தபாலில் அனுப்புவார்கள். எங்களுக்கு அது போபால் முகவரிக்குப் போனபோது நாங்கள் நாக்பூரில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தோம். முகவரியை மாற்றி மறுபடி கேட்டு வாங்கினோம். டிரான்ஸ்பர் குடும்பங்கள் கவனிக்க!

இனி கணக்கு. ஒரு நாளைக்குச் சுமார் 250 முறை பக்கங்கள் திறக்கப்படுகின்றன. எங்கள் அனுபவத்தில் ஆயிரம் முறைக்குச் சராசரியாக ஒரு டாலர். அதாவது மாதம் ஏழரை டாலர். நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். ஆக, பதினாலு மாதம் கழித்து 2024 மார்ச்சில் முதல் வரவு. ரூபாயாக மாற்றியதற்கு 45 ரூபாய் ஜிஎஸ்டி போக எட்டாயிரத்து நானூறு சொச்சம். இதில் டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் ஆன நாலாயிரத்து ஐநூறைக் கழியுங்கள். மிச்சத்தைப் பதினாலால் வகுத்தால் மாதம் 280 ரூபாய். ரெண்டு கிலோ இட்லி அரிசி, ஒரு கிலோ உளுந்து.

அந்த 280 ரூபாய்க்கும் சில கடமைகள் உண்டு.

1. சிறியதானாலும் அது வருமானம். வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். வெளிநாட்டுப் பணத்துக்கு வரி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2. நம் விளம்பரத்தை நாமே கிளிக் செய்யக்கூடாது. பாசத்தில் சித்தப்பாவும் மச்சானும் செய்தாலும் தப்புதான், கணக்கையே மூடிவிடலாம். என் மாமனாரிடம் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது :-)

3. என்னைப் போன்ற பொதுத்துறை வங்கி அதிகாரிகள் முன் அனுமதி இல்லாமல் வியாபாரமோ வேறு வேலையோ செய்யக்கூடாது. எப்போதாவது எழுதுவதற்குத் தடையில்லை. ஆனால் விளம்பர வருமானம் எழுத்தா, வியாபாரமா? குடும்பத்தார் வியாபாரம் செய்தாலும் தெரிவிக்க வேண்டும். அதனால் விளம்பரம் போடுமுன்பே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி படித்துச் சிரித்தார், ஃபைலில் வைத்தார். சிரிக்கட்டும், கடிதம் ஃபைலில் இருக்கிறது.

காசைவிடப் பெரிய விஷயம் வேறு. பதிவை நீட்டினால் நடுவே இன்னும் ரெண்டு விளம்பரம் வைக்கலாம், வரவு கூடும் என்று நான்தான் யோசனை சொன்னேன். தங்கமணி கேட்டார்: "ஏங்க, உளுந்து எவ்வளவு நேரம் ஊறணும்னு ஒருத்தி ஈரக்கையோட பார்க்கிறா. அவ மூணு விளம்பரத்தைத் தாண்டி வரணுமா?" பதில் சொல்ல முடியவில்லை. பி.காம். படித்தவனுக்கு வரவுதான் முதலில் கண்ணில் படுகிறது.

அதேபோல் எடை குறைப்பு, ஜோசியம், சீக்கிரம் பணக்காரராவது போன்ற விளம்பர வகைகளைத் தடுக்கும் வசதி உண்டு. அதையும் அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடுத்தார். புது ஊரில் தனியாக இருக்கும் பெண்ணிடம் "நீ குண்டு, உன் ஜாதகம் சரியில்லை" என்று சொல்லிச் சம்பாதிக்க வேண்டாம் என்றார். வரவு கொஞ்சம் குறைந்தது. போகட்டும்.

2024 முதல் கிளிக்குக்குப் பதில், விளம்பரம் காட்டப்படும் எண்ணிக்கையை வைத்துப் பணம் தருகிறார்கள். எங்கள் கணக்கில் அதனால் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் பிறகு லாபமா என்றால், நான் வேலை பார்ப்பது கணக்கு எழுதும் இடம். ஆனால் தங்கமணியின் பாஸ்புக்கில் இத்தனை வருஷமாக இருந்ததெல்லாம் நான் மாற்றிவிட்ட வீட்டுச் செலவுப் பணம். வேலையை விட்டபின் அவர் பெயருக்கு அவர் உழைப்பில் வந்த முதல் வரவு இது. அந்த வரியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பி.காமில் சொல்லித்தரவில்லை.

நாலு பேருக்குச் சொல்ல விஷயம் இருந்தால் வெப்சைட் ஆரம்பியுங்கள். வெறும் காசுதான் வேண்டுமென்றால் ஆர்.டி. போடுங்கள், நானே ஃபாரம் நிரப்பித் தருகிறேன்.