பெயர் பதியாத கணினி

கச்சிபௌலியில் நம்மோடு வசிக்கும் தம்பி பழைய கணினி ஒன்று வாங்கினான். “அண்ணா, என் உழைப்பெல்லாம் எவர் பெயரிலோ ஏறுகிறது!” என்று ஓரிரவு கலங்கினான். 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய ‘கிட்’ என்னும் கருவியில் முன்னவர் பெயரே நின்றது; தம்பியின் பெயர் பதிய மறுத்தது. வேலைக்கு அனுப்பவேண்டிய நாளோ மறுநாள்.

‘கிட்’ தன் அமைப்புக் கோப்பினை நேரே திருத்தாது. ‘லாக்’ கோப்பில் எழுதி, பின்னர் அதையே மூலக்கோப்பாகப் பெயர் மாற்றும். அது கிடக்குமளவும் வேறெவரும் எழுதவியலாது. ஒற்றைப் பாதையில் டோக்கன் பெறாது வண்டி புகுமோ? இரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கா இது விளங்காது! முந்தைய மின்தடையில் திரும்பாத டோக்கனாக அக்கோப்பு கிடந்தது. வேறு ‘கிட்’ இயங்கவில்லையென உறுதிசெய்து நீக்கினோம், பெயர் பதிந்தது. பழைய பதிவுகள் தாமாக மாறவில்லை. அவற்றைத் தம்பி விடியுமட்டும் திருத்தினான். நாம் காப்பி போட்டுக் கொடுத்தோம்.