அடிமண் சொல்லும் முகவரி

சங்ககால நாணயங்களைப் பற்றி எதைப் படித்தாலும் ஒரு வரி திரும்பத் திரும்ப எதிர்ப்படும்: கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்தது. அரசனின் தலையும் ‘மாக்கோதை’ என்று தமிழ் பிராமி எழுத்தும் பொறித்த சேரர் வெள்ளிக்காசுக்கு அதுதான் முகவரி. ரோமானியச் செம்புக்காசுகளுக்கும், பெயர் பொறித்த முத்திரை மோதிரங்களுக்கும் அதே முகவரி. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி சங்ககாலத் தமிழ் நாணயங்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டது 1997இல். அந்த ஆய்வுக்கு அடித்தளமாக இருந்த காசுகளில் பல, அகழாய்வுக் குழியிலிருந்து வந்தவை அல்ல. ஆற்றில் மண் அலசிப் பிழைக்கும் குடும்பங்களின் தட்டிலிருந்து வந்தவை. அந்தக் குடும்பங்களைப் பார்க்க வேண்டும் என்றுதான் கோடையில் கரூர் போனேன்.

ஆனைமலைப் பக்கம் பிறக்கும் அமராவதி, உடுமலை, தாராபுரம் வழியாக வந்து கரூரைத் தொட்டு, திருமுக்கூடலூரில் காவிரியோடு சேர்ந்துவிடுகிறது. சங்கப் பாடல்களின் ஆன்பொருநை இதுதான் என்பார்கள். கோடையில் இதை ஆறு என்று சொல்லக் கொஞ்சம் தயங்கத்தான் வேண்டும். கருவேலம் புதருக்கு நடுவே முழங்கால் ஆழத்தில் ஒரு ஓடை, அங்கங்கே தேங்கிய குட்டை, பாலத்துத் தூண்களின் காலடியில் கொஞ்சம் ஆழமான மடு. அந்த மடுவின் கரையில்தான் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏனுங்க, காசு வாங்க வந்தீங்களா?” என்றார் பெரியவர், தலை நிமிராமல்.

“இல்லைங்கய்யா, வேலையைப் பார்க்க வந்தேன்.”

“வேலையைப் பாக்க யாரும் வந்ததில்லீங்களே” என்று அந்த அம்மாதான் சிரித்தார்.

இவர்களுடைய முதல் தொழில் ஆறு அல்ல, நகைப்பட்டறை. தங்க ஆசாரிமார் வேலை செய்யும் தெருக்களில் விடியற்காலையில் கூட்டி அள்ளிய குப்பை, பட்டறைத் தூசு, சாக்கடை மண் ஆகியவற்றை வாங்கிவந்து அலசி, அதில் ஒட்டிக்கிடக்கும் பொன்துகளைப் பாதரசத்தில் பிடித்துப் பிரிப்பது. அரிப்புக்காரர் என்று பழைய தமிழ் அகராதிகளே இவர்களைச் சொல்கின்றன. பட்டறை வேலை குறையும்போது அதே தட்டோடு ஆற்றுக்கு இறங்குவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்து படுகையைப் புரட்டிப்போட்ட பிறகு, தை பிறந்து தண்ணீர் இறங்க இறங்க, வேலை தொடங்கும்.

கருவிகள் அதிகமில்லை. மண்வெட்டி, கடப்பாரை, ஒரு பாண்டுச் சட்டி, ஒரு சல்லடை, ஒரே மரத்தில் ஆழமில்லாமல் குடைந்த அகலத் தட்டு. நைலான் கயிற்றில் கட்டிய, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றும் உண்டு.

மேல்மணலை அவர்கள் தொடுவதே இல்லை. அதை மண்வெட்டியால் ஒதுக்கிவிட்டுக் கீழே போகிறார்கள். கூழாங்கல் கலந்த அடுக்கு வரும். அதற்கும் கீழே கடப்பாரை ‘ணங்’ என்று நிற்கும் கெட்டி மண் அல்லது பாறை. அந்தக் கெட்டிக்கு மேலே ஒரு சாண் மண்தான் இவர்களுக்கு வேண்டியது. “அடிமண்ணுங்க. மேல இருக்கறது நேத்து வந்தது. நாளைக்குப் போயிரும். கனமானதெல்லாம் இறங்கி இறங்கி இங்கதானுங்க உக்காரும்” என்றார் பெரியவர்.

இயற்பியல் பாடம் இதைத்தான் அடர்த்தி என்று சொல்கிறது. ஆற்று மணல் தண்ணீரைவிட ஏறத்தாழ 2.65 மடங்கு கனம். இரும்பு 7.8, செம்பு 8.9, வெள்ளி 10.5, ஈயம் 11.3, பொன் 19.3. வெள்ளம் எல்லாவற்றையும் கிளப்பினாலும், வேகம் தணிகிற இடத்தில் கனமானது முதலில் இறங்கும். பாறையின் பின்புறம், வளைவின் உள்பக்கம், தூணின் நிழல்பக்கம் என்று அந்த இடங்களைப் பெரியவர் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே போனார். எனக்கு ஒரே மணல்வெளியாகத் தெரிந்தது அவருக்கு அறை அறையாகப் பிரிந்திருந்தது.

அந்த அம்மா ஒரு பாண்டு அடிமண்ணைத் தட்டில் கொட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். முதலில் விரல்களால் பிசைந்து களியைக் கரைத்தார். பெரிய கற்களைக் கழுவி, ஒவ்வொன்றையும் ஒரு பார்வை பார்த்து வெளியே போட்டார். பிறகு தட்டை இடமும் வலமுமாகக் குலுக்கி, முன்விளிம்பைச் சற்றே தாழ்த்தினார். ஒவ்வொரு அலையிலும் ஒரு படலம் மணல் விளிம்பைத் தாண்டிப் போனது. வெளிர்மணல் போய், செம்மணல் போய், கடைசியில் ஒரு கைப்பிடி கருமணல் நின்றது. அதன் பிறகு தட்டின் பின்பக்கத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டு. கருமணல் ஒருபக்கம் விலக, மறுபக்கம் தங்கியவை தெரிந்தன: ரவிக்கைக் கொக்கி ஒன்று, ஒரு மூக்குத்தித் திருகு, துப்பாக்கி ரவையோ வலைக்குண்டோ என்று சொல்ல முடியாத ஈயத்துண்டு, துவரம்பருப்பு அளவில் பச்சை படிந்த ஒரு செம்புத்துணுக்கு.

அந்தத் துணுக்கைத்தான் நான் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஏதோ கோடு மாதிரி இருந்தது. ரோமாபுரியின் கடைசிக்காலச் செம்புக்காசுகள் இந்த அளவில்தான் இருக்கும். வெறும் செம்புப் பொட்டாகவும் இருக்கலாம். பெரியவர் அதை வாங்கி ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டார். புளி போட்டுத் தேய்க்கவில்லை. “தேச்சா பளபளன்னு ஆவும். எழுத்தும் போயிரும், வெலையும் போயிரும்” என்றார். பல காசுகள் இப்படிப் புளியிலும் சாம்பலிலும் முகம் இழந்திருக்கின்றன என்பது நாணயம் சேர்ப்பவர்களின் பழைய குறை. நல்ல அலசுகாரருக்கு அது தெரிந்திருக்கிறது.

தட்டுக்கு ஒரு வரம்பும் உண்டு. 1960களிலிருந்து புழங்கிய அலுமினியப் பைசாக்கள், நெளிவிளிம்புப் பத்துப்பைசா உட்பட, இதில் தங்குவதே இல்லை. அலுமினியத்தின் அடர்த்தி 2.7. மணலுக்கும் அதற்கும் தட்டைப் பொறுத்தவரை வித்தியாசம் கிடையாது. மணலோடு மணலாக விளிம்பு தாண்டிவிடும். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய செம்பைப் பிடிக்கிற தட்டு, நம் சின்ன வயதுக் காசை விட்டுவிடுகிறது.

காந்தத்துக்கு வேறு கணக்கு. பாலத்தின் மேலிருந்து பஸ் பயணிகள் வீசும் காசுகளில், 1992க்குப் பிறகு வந்த எஃகு ஒரு ரூபாய் ஒட்டும். அதற்கு முந்தைய செம்பு-நிக்கல் ரூபாய் ஒட்டாது. அதற்கும் முந்தைய, தனி நிக்கலில் அடித்த கனத்த ரூபாய் மறுபடி ஒட்டும். இந்த வரிசையைப் பெரியவர் உலோகப் பெயர் எதுவும் சொல்லாமல், ஒட்டுறது ஒட்டாதது என்றே ஒப்பித்தார்.

அன்று மடுவில் வீசிய காந்தம் திரும்பி வரவில்லை. கயிறு விண்ணென்று நின்றது. பெரியவர் இழுத்தார், கொஞ்சம் கொடுத்து, மறுபடி பிடித்துக்கொண்டது. தூணின் கம்பியாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அவர் கயிற்றை விரலில் சுண்டிப் பார்த்து, “கம்பி இல்லீங்க. கம்பின்னா அசையாது. இது அசையுது” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இடுப்பளவு நீர். காலால் துழாவி, பிறகு மூச்சைப் பிடித்துக் குனிந்து, கையால் மணலைப் பறித்தார். எழுந்தபோது கையில் துருவும் மணலும் கூழாங்கல்லும் சேர்ந்து இறுகிய ஒரு உருண்டை.

கரையில் வைத்து, அரிவாளின் முதுகால் அந்த அம்மா சுற்றிலும் தட்டினார். ஓடு ஓடாகத் துரு உதிர்ந்தது. கீழே வட்டமான, தட்டையான வார்ப்பிரும்பு. குண்டு என்றால் இவ்வளவு தட்டையாக இருக்காது. மூடி என்றால் இவ்வளவு தடிமன் இருக்காது. திருப்பினால் அடிப்பக்கம் நடுவில் விரல்நுனி நுழையும் குழி. குழிக்குள் மணல். வேறொன்றுமில்லை.

பெரியவர் கையில் ஏந்தி இரண்டு முறை மேலும் கீழும் ஆட்டினார். “அரை வீசைக் கல்லுங்க.”

நான் அதைக் கையில் வாங்கிய பிறகுதான் குழிக்குப் பொருள் பிடிபட்டது. இரும்பு எடைக்கற்களின் அடியில் குழி விட்டு, ஈயம் ஊற்றி எடையைச் சரிசெய்து, ஈயத்தின் மேல் முத்திரை குத்துவது வழக்கம். நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு என்று சென்னை மாகாணம் நிறுத்துக்கொண்டிருந்த காலத்துக் கல் இது. ஒரு வீசை 120 தோலா, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.4 கிலோ. பாதி 700 கிராம். 1956இல் சட்டம் வந்து, 1958 அக்டோபரில் கிலோ கணக்கு தொடங்கிய பின், இத்தகைய கற்கள் கடைகளிலிருந்து ஒழிந்தன.

ஒழிந்த கல்லை இரும்புக்குப் போடுவார்களே, ஆற்றில் ஏன் போட வேண்டும்? ஈயம் தானாக விழுந்ததா, யாராவது தோண்டி எடுத்ததா? தோண்டியிருந்தால் கல் எடை குறைந்திருக்கும். வாங்குகிறவனுக்கு நட்டம்.

“பாலத்து மேலருந்து போட்டதுங்க. இத்தனை கனம் வெள்ளத்துல ஓடாது. உளுந்த எடத்துலயே எறங்கிரும். தூணுக்கு இந்தாண்ட கெடந்துச்சு பாருங்க. கைப்புடிச் செவுருக்கு நேர் கீழ” என்றார் பெரியவர்.

“ஆபீசர் சோதனைக்கு வந்திருப்பாரு” என்று அந்த அம்மா ஒரே வரியில் வழக்கை முடித்தார்.

அது உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். என்னை நிறுத்தியது வேறு. அந்தத் துருப்பிடித்த கல்லைப் பற்றி என் குறிப்பேட்டில் இப்போது ஐந்து செய்திகள் இருந்தன: எந்தத் தூண், தூணின் எந்தப் பக்கம், எவ்வளவு நீர், எவ்வளவு மணலுக்குக் கீழே, பக்கத்தில் என்ன கிடந்தது. பழைய இரும்புக் கடையில் சில ரூபாய்க்குப் போகிற பொருளுக்கு முழு முகவரி கிடைத்துவிட்டது. சேர மன்னனின் முகம் பொறித்த காசுக்கு ஆற்றின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மேல்கரையா, கீழ்கரையா? தனியாகக் கிடந்ததா, ரோமானியக் காசுகளோடு கிடந்ததா? எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் காலம் கணிக்க வேண்டியிருக்கிறது. போலி என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினால், எடுத்த இடத்தைக் காட்டி வாயடைக்க வழியில்லை.

எடுத்தவருக்கு இடம் தெரியாமல் இல்லை. பெரியவர் தன் இளவயதில் எந்த வளைவில் வெள்ளி வந்தது, எந்தத் துறையில் மணி வந்தது என்று இன்றும் சொல்கிறார். ஆனால் ஆற்றிலிருந்து காசு கிளம்பும்போது அந்தச் செய்தி கூடப் போவதில்லை. முதலில் வாங்குகிறவர் எடை பார்க்கிறார். அடுத்தவர் எழுத்து பார்க்கிறார். இடத்தைக் கேட்டால் போட்டிக்கு இன்னொருவர் அங்கே போய்விடுவார் என்பதால் இவர்களும் சொல்வதில்லை. அரசிடம் சொல்லலாமே என்றால் பயம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறும் பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் தண்டனை உண்டு. தட்டோடு உட்கார்ந்திருப்பவருக்குச் சட்டத்தில் தெரிவது அந்தத் தண்டனை மட்டும்தான்.

லண்டனில் தேம்ஸ் நதியின் சேற்றில் பழம்பொருள் தேடுபவர்கள், துறைமுக ஆணையத்திடம் உரிமம் வாங்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும்; தொன்மையான பொருள் கிடைத்தால் அருங்காட்சியக அலுவலரிடம் பதிய வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் கண்டெடுப்பவற்றைக் கிடைத்த இடத்தோடு பதியும் திட்டம் 1997இல் தொடங்கியது. இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் ஏறியிருக்கின்றன. அங்கே இது பெரும்பாலும் பொழுதுபோக்கு, இங்கே பிழைப்பு. ஆகவே அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் இடத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு ஆளை உட்காரவைப்பது முடியாத காரியமல்ல.

காலம் மட்டும் அதிகமில்லை. லாரி லாரியாக மணல் போனதில் அடிமண்ணே பல இடங்களில் இல்லை. சாயக்கழிவு ஓடிய வருடங்களில் தண்ணீரில் கால் வைத்தால் அரிப்பு எடுத்தது என்று அந்த அம்மா பாதத்தைத் திருப்பிக் காட்டினார். பிள்ளைகள் ஜவுளிக் கம்பெனிக்குப் போகிறார்கள். அது நல்லதுதான், மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது.

கிளம்பும்போது, இடங்களை எல்லாம் ஒருநாள் உட்கார்ந்து சொன்னால் எழுதிக்கொள்கிறேன் என்றேன். “எழுதிக்குடுத்தா எங்களுக்கு என்னங்க கெடைக்கும்?” என்று அந்த அம்மா கேட்டார்.

நியாயமான கேள்வி. அதே 1878 சட்டம், கண்டெடுத்த பொருளை அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்பையும், அதற்கு மேல் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் தரச் சொல்கிறது. சில கிராம் எடையுள்ள வெள்ளிக்காசுக்கு அந்தக் கணக்கில் என்ன வரும் என்று அவர்களே நொடியில் சொல்லிவிடுவார்கள். காசின் வெள்ளிக்கு விலை வைத்த சட்டத்தில், அது கிடந்த இடத்தைச் சொல்கிறவருக்கு ஒரு பைசா ஒதுக்கீடு இல்லை. வரலாற்றுக்கு வேண்டியதோ அந்த இடம். அதைக் கூலி கொடுத்துக் கேட்கலாம். சொல்லக்கூடியவர்கள் இன்னும் ஆற்றில்தான் இருக்கிறார்கள்.