முகில்வெளியில் ஒரு நாள் நடை

நம் வட்டாரம் சமநிலம். கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தியே நமக்கு மலை. செம்பனை வரிசைகளுக்கிடையே வாழும் நமக்கு, கண்ணெட்டும் தொலைவுவரை புல்லும் முகிலுமாகக் கிடக்கும் மலைவெளியைக் கற்பனை செய்வதும் அரிது. சென்ற பள்ளி விடுமுறையில், என்னோடு பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நண்பர் ஐவருடன் அத்தகைய வெளியொன்றில் ஒரு பகல் முழுதும் நடக்கும் வாய்ப்புக் கிட்டியது. அதனை மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்க்கும் கூற விழைகிறேன்.

இலங்கை மலையகத்தில், கடல்மட்டத்திற்கு 2,100 மீட்டருக்கும் மேலே இருப்பது ஹோட்டன் சமவெளி. 1831 முதல் 1837 வரை இலங்கையை ஆண்ட ஆங்கில ஆளுநரின் பெயரைத் தாங்கியது. 1988இல் தேசியப் பூங்காவாயிற்று.

ஒஹியா இரயில் நிலையத்தருகே இரவு தங்கி, விடியுமுன் புறப்பட்டோம். சமவெளியை அடைய ஏறத்தாழ 11 கிலோமீட்டர் மலைப்பாதை. வழிகாட்டியாக வந்த இளைஞர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தாயார் இன்றும் கொழுந்து பறிக்கிறார். எங்களுள் ஒருவருக்கு முழங்கால் வலி. அதைக் கண்டதும் இளைஞர், "ஐயா, கால் நோகிறவர் முன்னே நடக்கட்டும், அவர் நடைதான் இன்று எல்லாருடைய நடையும்" என்றார். அவ்வாறே நடந்தோம். ஒருவரும் பின்தங்கவில்லை.

மேலே சென்றதும் காடு விலகிப் புல்வெளி விரிந்தது. மரை எனப்படும் கடமான்கள் அஞ்சாது மேய்ந்தன. ஆங்காங்கே குட்டையான மரங்கள்; கிளையெங்கும் பாசி. அம்மரங்கள் முகிலைத் தடுத்து நீராக்கிச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குகின்றன. கரிய மண் அதனைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைக்கிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் செல்கிறது. நம் வட சிலாங்கூரின் கரிச்சதுப்புக் காடு தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்கு நீர் அளிப்பதை எண்ணிக்கொண்டேன். ஒன்று முகிலருகே, மற்றொன்று கடலருகே. செய்யும் தொண்டோ ஒன்றே.

'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பாறையை நாங்கள் அடைந்தபோது வெண்முகிலன்றி எதுவும் தென்படவில்லை. அரைமணி நேரம் காத்திருந்தோம். திடீரென்று திரை விலகியது. நம் தலைநகரின் 452 மீட்டர் இரட்டைக் கோபுரத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு ஆழம்! அடியில் தேயிலைத் தோட்டமும், தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் லயங்களும் தெரிந்தன.

"நீங்களும் தோட்டத்து ஆட்களா, ஐயா?" என்று இளைஞர் வினவினார். ஆம் என்றேன். லயம், கங்காணி, பெரட்டு என அவர் வழங்கிய சொற்களெல்லாம் என் தந்தையார் வழங்கிய சொற்கள். நம் முன்னோர் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். அவர்தம் முன்னோரோ மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தே சென்றனர். நோயாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் பலர். தப்பிப் பிழைத்தோரின் வழிவந்தவர் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. எஞ்சியோர்க்கும் அது கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. முன்னோர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்கள் மீண்டும் நடந்தனர். "நானும் இரண்டு நாள் நடந்தேன். அவர்கள் செருப்பின்றி நடந்த வழி" என்று சொல்லி நிறுத்தினார்.

பிறகு, "உங்கள் பள்ளியில் பிள்ளைகள் நிறைய உண்டா?" என்று கேட்டார். இரப்பர் போய்ச் செம்பனை வந்ததையும், குடும்பங்கள் பட்டணம் பெயர்வதையும், ஆண்டுதோறும் பிள்ளைகள் குறைவதையும் கூறினேன். சற்று நேரம் பேசாதிருந்து, "இருக்கிற பிள்ளைகளைக் கைவிடாதீர்கள், ஐயா. எனக்கு எழுத்தறிவித்ததும் தோட்டத்துப் பள்ளிதான்" என்றார்.

புல்வெளியைச் சுற்றிவர மேலும் 9 கிலோமீட்டருக்கு மேல். மாலையில் வேனில் ஏறியபோது கால்கள் நொந்தன, உள்ளம் நிறைந்திருந்தது.

அன்புப் பெற்றோரே! நம் முன்னோர் நடந்த தொலைவை நம் பிள்ளைகள் நடக்க வேண்டியதில்லை. அவர்கள் செல்ல வேண்டிய தொலைவு கல்வியில் இருக்கிறது. வகுப்பில் மெதுவாகப் படிக்கும் பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தி, எல்லாரும் சேர்ந்து நடப்போம். பள்ளி சிறிதாகலாம், பயணம் நிற்கலாகாது.